கடிதம் யாருக்குச் சொந்தம்?

1741-ஆம் ஆண்டு லண்டனில் எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி ஒரு கடிதத் தொகுப்பை அச்சிட்டு விற்பனைக்கு வைத்தார். கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் அயர்லாந்தில் வாழ்ந்த ஜோனதன் ஸ்விஃப்ட்டும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. போப் நீதிமன்றம் போனார். கர்லின் வாதங்களை இன்று படித்தாலும் எளிதில் தள்ளிவிட முடியாது. அனுப்பிய கடிதம் கொடுத்த பரிசு போன்றது. பெற்றவர் அதை என்ன செய்தாலும் அனுப்பியவர் கேட்க முடியாது. 1710-இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் கல்வியை வளர்க்கும் நூல்களுக்காக இயற்றப்பட்டது; நலம் விசாரிக்கும் கடிதம் நூலாகாது. போதாததற்கு, இவை ஏற்கெனவே டப்ளினில் அச்சானவை. மூன்றையும் நீதிபதி ஹார்ட்விக் பிரபு ஏற்கவில்லை. கடிதம் கைமாறும்போது தாள் வேண்டுமானால் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், அதிலுள்ள சொற்களை ஊரறிய வெளியிடும் உரிமை எழுதியவரிடமே தங்கிவிடுகிறது என்றார் அவர். போப் எழுதிய கடிதங்களுக்குத் தடை கிடைத்தது. பிறர் அவருக்கு எழுதியவற்றுக்குக் கிடைக்கவில்லை.

தாள் ஒருவருக்கு, சொல் இன்னொருவருக்கு. இந்தப் பிரிப்பு அன்று புத்தகக் கடைக்காரர்களின் சச்சரவைத் தீர்த்து வைத்தது. இன்று நம் படமும் பேச்சும் நோய்க்குறிப்பும் யாரோ ஒருவரின் கணினிக் கிடங்கில் இருக்கும்போது அதே கேள்விதான் திரும்பி வந்திருக்கிறது: கிடங்கு அவர்களுடையது, அதில் கிடப்பது யாருடையது? பதிப்புரிமையும் அந்தரங்க உரிமையும் இப்போது வெவ்வேறு பாடங்கள், வெவ்வேறு வழக்கறிஞர்கள், வெவ்வேறு சட்டங்கள். ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தரங்கத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாத காலத்தில் அது சொத்துரிமையின் வீட்டில்தான் ஒண்டிக் குடியிருந்து வளர்ந்தது. அந்த வீட்டைவிட்டு அது ஏன் வெளியேற நேர்ந்தது என்பதை மறந்துவிட்டு, ‘உங்கள் தரவு உங்கள் சொத்து’ என்ற முழக்கத்தோடு அதை மறுபடியும் உள்ளே அழைக்கிறோம். அந்த அழைப்பு தவறானது என்பதற்கு முந்நூறு ஆண்டு வழக்குகளே சாட்சி.

போப்பைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் வரலாறு அரைகுறையாகும். 1735-இல் இதே கர்ல் போப்பின் கடிதங்களை ஒருமுறை வெளியிட்டிருந்தார். அந்தக் கடிதங்களை மறைமுகமான ஆட்கள் வழியாகக் கர்லின் கையில் சேர்த்ததே போப்தான் என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் நிறுவிய உண்மை. திருட்டுப் பதிப்பு ஒன்று வந்துவிட்டால் அதைத் திருத்துவதாகச் சொல்லித் தன் கடிதங்களைத் தானே கௌரவமாக வெளியிடலாம் என்பது அவர் கணக்கு. அப்படியானால் இது அந்தரங்கத்தைப் பற்றிய வழக்கே இல்லை, வியாபாரப் போட்டிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தரங்கமும் ரகசியமும் ஒன்றல்ல. தன் நோயை மகளிடம் சொல்லும் தாய் அதைப் பக்கத்து வீட்டில் சொல்வதில்லை. அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. யார் அறியலாம், எப்போது அறியலாம் என்பதைத் தன் கையில் வைத்திருக்கிறார். போப் காக்க நினைத்ததும் அந்தப் பிடியைத்தான். அவர் அதைப் புகழுக்காகப் பயன்படுத்தினார் என்பதால் பிடி பொய்யாகிவிடாது.

அந்தப் பிடிக்கு நீதிமன்றங்கள் வைத்த பெயர் சொத்து. வேறு பெயர் அவர்களிடம் இல்லை. 1818-இல் ஒரு விதவை, தன் கணவரின் மகனுக்குத் தான் எழுதிய கடிதங்களை அவர் அச்சிடப் போவதாக அறிந்து தடை கேட்டார். எல்டன் பிரபு தடை விதித்தார். ஆனால் மனம் புண்படும் என்பதற்காகத் தான் தலையிட முடியாது, கடிதத்தில் எழுதியவருக்குச் சொத்துரிமை இருப்பதால் மட்டுமே தலையிடுகிறேன் என்று விளக்கினார். அந்தப் பெண்ணின் கடிதங்களை விலைபேச யாரும் வரவில்லை, அவர் விற்கவும் நினைக்கவில்லை. அவருக்கு நோவு வேறு இடத்தில் இருந்தது. சட்டத்தின் கதவு சொத்து என்ற ஒரே சாவிக்குத்தான் திறக்கும் என்பதால் அந்தச் சாவியைப் போட்டுத் திறந்தார்கள்.

முப்பது ஆண்டுகளில் சாவி பூட்டுக்குப் பொருந்தாமல் போனது. விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் பொழுதுபோக்காகத் தங்கள் பிள்ளைகளையும் நாய்களையும் செப்புத் தகட்டில் செதுக்கிப் படமெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். தகடுகளை அச்சிடக் கொடுத்த விண்ட்சர் அச்சகத்தின் பணியாள் ஒருவர் கூடுதல் படிகள் எடுத்துவைத்துக்கொண்டார். அவை ஒரு பத்திரிகையாளர் கைக்குப் போய், வில்லியம் ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளரிடம் வந்தன. படங்களைக் கண்காட்சியாக வைப்பதும் அவற்றை விவரிக்கும் சிறு பட்டியல் நூலை விற்பதும் திட்டம். வழக்கு வந்ததும் கண்காட்சி கைவிடப்பட்டது. ஆனால் பட்டியலைத் தடுக்க முடியாது என்று ஸ்ட்ரேஞ்ச் நின்றார். அதில் அரசியின் கோடு ஒன்றுகூட இல்லை. இன்ன படத்தில் இன்னது இருக்கிறது என்ற ஆசிரியரின் சொற்கள் மட்டுமே. பதிப்புரிமையின் கணக்குப்படி அவர் எதையும் நகலெடுக்கவில்லை. ஆனாலும் 1849-இல் மேல்முறையீட்டில் காட்டன்ஹாம் பிரபு தடையை உறுதி செய்தார். சொத்து, நம்பிக்கை மோசடி என்ற காரணங்களைச் சொன்ன அதே தீர்ப்பில், மீறப்பட்டிருப்பது அந்தரங்கம் என்ற சொல்லும் வந்துவிட்டது. ஒருவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்வதே குற்றமாகும்போது, காக்கப்படுவது படத்தின் விலை இல்லை என்பது வெளிப்படை.

இதை உரக்கச் சொன்னவர்கள் பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர்கள் இருவர். 1888-இல் ஈஸ்ட்மன் தன் கோடாக் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நூறு படத்துக்கான சுருளோடு 25 டாலர். அதுவரை படமெடுக்க வேண்டுமென்றால் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து ஒத்துழைக்க வேண்டும். இனி எதிரே வருபவருக்கே தெரியாமல் அவர் முகத்தைப் பிடித்துவிடலாம். 1890 டிசம்பரில் சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேமராவையும் பத்திரிகைகளின் வம்புப் பசியையும் முன்னால் வைத்துத்தான் தொடங்குகிறது. அவர்கள் செய்தது புதிய உரிமையைக் கற்பனை செய்வது அல்ல. பழைய கடித வழக்குகளையும் ஆல்பர்ட் வழக்கையும் வரிசையாக எடுத்துவைத்து, இத்தனை காலம் சொத்து என்று நாம் அழைத்தது உண்மையில் சொத்தே அல்ல, மனிதரின் மீறக்கூடாத ஆளுமை என்று காட்டினார்கள். குப்பையில் எறியத்தக்க கடிதத்துக்கும் காவியத்துக்கும் ஒரே பாதுகாப்பு என்றால், காவல் மதிப்புக்கு இல்லை, மனிதருக்கு என்பது அவர்கள் தர்க்கம். சட்ட வரலாற்றில் இத்தனை எளிய கவனிப்பு இத்தனை தூரம் போனது அரிது.

இருந்தும் வெளியேறிய பிள்ளைக்குத் தெருவில் உடனே இடம் கிடைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு மாவு ஆலை, ஓர் இளம்பெண்ணின் படத்தை அவர் அனுமதியின்றி 25,000 சுவரொட்டிகளில் அச்சிட்டுக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டியது. அவமானத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். 1902-இல் மாநிலத்தின் உச்ச மன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்தரங்கம் என்றொரு உரிமையே சட்டத்தில் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியது. மக்களின் கோபம் அடுத்த ஆண்டே சட்டமன்றத்தை ஒரு சட்டம் இயற்ற வைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1953-இல் இரண்டு சூயிங்கம் நிறுவனங்கள் பேஸ்பால் வீரர்களின் படங்களுக்காக மோதிக்கொண்டன. வீரர்களிடம் தனி உரிமை எழுதி வாங்கியிருந்தது ஒரு நிறுவனம். அந்தரங்கம் ஒருவரின் சொந்த உணர்வு, அதைப் பிறர் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது என்று வாதிட்டது மற்றொன்று. நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் அந்தரங்கத்துக்கு அப்பால் ‘விளம்பர உரிமை’ என்று ஒன்று உண்டு, அதை விற்கலாம் என்று தீர்த்தார். மாவு ஆலைப் பெண்ணுக்கு அழுகையை நிறுத்த வேண்டியிருந்த உரிமை, அரை நூற்றாண்டில் கம்பெனிகள் ஒன்றன்மேல் ஒன்று வழக்குப் போடும் சரக்காகிவிட்டது.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபணை உண்டு. சொத்து என்றால்தான் சட்டம் கடிக்கும். உணர்வு என்றால் தடவிக்கொடுத்து அனுப்பிவிடும். நிலத்தைப் பறித்தால் வழக்கு நிற்கிறது, மனத்தைப் புண்படுத்தினால் நிற்பதில்லை. ஆகவே தரவைச் சொத்தாக்கினால் ஏழைக்கும் பேரம் பேசப் பலம் வரும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. எல்டனின் தீர்ப்பே அதற்குச் சான்று. இரண்டாம் பாதியில்தான் பிழை. சொத்தின் இலக்கணமே அது கைமாறும் என்பது. ஒருமுறை விற்றால் மீண்டும் கேட்க முடியாது. வீட்டை விற்றவர் வெளியே நிற்கலாம். தன் இரத்தப் பரிசோதனை முடிவையும் முகத்தையும் விற்றவர் அவற்றுக்கு வெளியே போய் நிற்க இடமில்லை. தவிர, தரவின் பேரத்தில் விற்பவருக்கு விலையே தெரியாது. நூறு பக்க நிபந்தனையின் அடியில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தாமல் பேருந்துச் சீட்டுக்கூட எடுக்க முடியாதபோது அதைக் கிரயம் என்று எப்படிச் சொல்வது?

டிஜிட்டல் காலத்தின் தொடக்கத்திலேயே இந்த இரண்டு உரிமைகளும் நேருக்கு நேர் நின்றன. எது பலசாலி என்பதும் தெரிந்துபோனது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நீதிபதி ஆராயாமலேயே நீதிமன்ற எழுத்தரிடம் ஆணை வாங்கி இணையச் சந்தாதாரரின் பெயர், முகவரியைக் கேட்கும் வழியை உரிமையாளர்களுக்குத் திறந்தது. இசை நிறுவனங்களின் சங்கம் அதைக் கையிலெடுத்தது. 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்கு. அவர்களில் ஒருவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. வெரைசான் நிறுவனம் பெயர் தர மறுத்துப் போராடி, அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் வென்றது. வெறும் கம்பியாக நிற்கும் நிறுவனத்திடம் இந்தக் குறுக்கு வழி செல்லாது என்றது மன்றம். 2005-இல் சோனி பிஎம்ஜி இன்னும் ஒருபடி உள்ளே போனது. பாட்டு கேட்கக் குறுந்தகட்டைக் கணினியில் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று தன்னை மறைத்துக்கொண்டு அதில் குடியேறியது. அதன் மறைவிடத்தில் நச்சு நிரல்களும் ஒளிந்துகொண்டன. பாடகருக்கும் இசைக்கலைஞருக்கும் பிழைப்பு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். திருட்டு அச்சால் வயிறு காய்ந்த எழுத்தாளர்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் தாளை விற்ற கடைக்காரர், வாங்கியவர் வீட்டுக்குள் ஒருவரைக் காவலுக்கு அனுப்புவதற்கு எந்தப் படைப்பாளியின் பிழைப்பும் காரணமாக முடியாது. 2008 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், ஸ்பெயின் நாட்டு இசைச் சங்கம் தொடுத்த வழக்கில், இரண்டையும் சீர்தூக்கித்தான் சட்டம் செய்ய வேண்டும், உரிமையியல் வழக்குக்காகப் பெயரைத் தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொன்னது. அந்தச் சீர்தூக்கலே பெரிய ஆறுதலாக இருந்தது என்பது நிலைமையைக் காட்டும்.

இதுவரை சொன்ன பெயர்களைப் பாருங்கள்: கவிஞர், அரசி, பாஸ்டன் செல்வந்தர். அந்தரங்கம் மேட்டுக்குடியின் சுகம், ஒரே அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் நாட்டுக்கு இது எதற்கு என்ற குரல் நம்மிடையே எப்போதும் உண்டு. இந்தியாவின் வழக்கேடுகள் அதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. இங்கே இந்த உரிமையைக் கேட்டு முதலில் வந்தவர்களில் ஒருவரான கரக் சிங், கொள்ளை வழக்கில் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டவர். உத்தரப் பிரதேசக் காவல்துறை அவர் பெயரில் ஏடு திறந்து, நள்ளிரவில் கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையை ரத்து செய்தது. ஆனால் அந்தரங்கம் அரசியல் சாசனம் தந்த உரிமை அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சுப்பாராவ் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அறை இல்லாதவனுக்குத்தான் கதவு அதிகம் தேவைப்படுகிறது.

அதன் பிறகு வந்த பெரிய வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டுடையது. கடிதக் கேள்வியை அச்சு அசலாகத் திரும்பக் கேட்டது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கையை எழுதினார். அது மனைவி வழியாக வெளியே வந்து நக்கீரன் இதழுக்குப் போனது. காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பை அவர் அதில் எழுதியிருப்பதாக இதழ் அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து, அந்தக் கதை பொய், வெளியிடக் கூடாது என்று கடிதம் வந்தது. ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். அக்டோபர் 7 அன்று வந்த நீதிபதி ஜீவன் ரெட்டியின் தீர்ப்பு நான்கு முடிச்சுகளை அவிழ்த்தது. தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றைத் தன் ஒப்புதலின்றிப் பிறர் எழுதாமல் காக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. நீதிமன்ற ஏடு போன்ற பொது ஆவணத்தில் உள்ளதை எழுத யாரும் தடை சொல்ல முடியாது. அரசு அதிகாரி தன் பணியில் செய்ததற்கு இந்த உரிமையின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அரசு முன்கூட்டியே அச்சைத் தடுக்கவும் முடியாது. தண்டிக்கப்பட்ட கைதியின் எழுத்தை வைத்து அந்தரங்கத்தின் எல்லையை வரைந்த இந்தத் தீர்ப்பில், சொத்து என்ற சாவியே தேவைப்படவில்லை. கவனித்துப் பார்த்தால் அதிகாரிக்கும் குடிமகனுக்கும் வெவ்வேறு அளவுகோல் வைத்ததுதான் இதன் உயிர்நாடி.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பாஸ்டன் கட்டுரை அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ஜூலை மாதத்திலேயே இரண்டு அறிக்கைகள் எதிரெதிர் மொழியில் வெளிவந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒவ்வொருவரும் தம் தரவின் சொந்தக்காரர் என்றது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு சொந்தம் என்ற சொல்லைத் தவிர்த்து, தரவைக் கையில் வைத்திருப்பவர் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றது. கோயில் சொத்தை அறங்காவலர் வைத்திருப்பதுபோல, வைத்திருக்கலாம், தனதென்று நடத்த முடியாது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவது மொழியையே ஏற்றது. தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்றும் வைத்தது. அதுவரை சரி. ஆனால் அதே சட்டம், அரசு அமைப்புகளுக்குப் பரந்த விலக்கு தரும் வழியையும் வைத்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலைப் பற்றிய பிரிவைத் திருத்தி, பொது நலன் இருந்தால் தரலாம் என்று அங்கேயே இருந்த சொற்களை எடுத்துவிட்டது. பொது நலனுக்கான பொதுவான பிரிவு இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, இருக்கிறதுதான். ஆனால் தகவல் கேட்டுப் போகும் சாதாரண மனிதரிடம் ‘இது தனிநபர் தகவல்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது முன்பைவிட எளிதாகிவிட்டது. 1994-இல் அதிகாரிக்கு மறுத்த மறைவிடத்தை 2023 சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. அந்தரங்கம் வலியவரின் கேடயமாவதற்குச் சொத்து மட்டும்தான் வழி என்றில்லை.

இப்போது குரலும் முகமும் கணினியில் பிறக்கின்றன. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பேச்சுப் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். அவர் கேட்டது காசு அல்ல, தன்னைத் தான் விரும்பாத இடத்தில் நிறுத்த வேண்டாம் என்பது. 2021-இல் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், அந்தரங்கம் அவரவரோடு முடிந்துவிடும், நிலம் வீடுபோல வாரிசுக்கு வராது என்று சொன்னது. ஆனால் 2024-இல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியபோது, குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாக ஏ.ஆர். ரகுமான் தெரிவித்தார். கேட்காமல் எடுப்பவர்கள் நடுவில் அது மதிக்கத்தக்க நடத்தை. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் அப்படிக் கேட்காமல் ஒரு தெலுங்குப் படத்தில் வந்ததாக அவர் மகன் சட்ட அறிவிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-இல் குரலைச் சொத்து என்றே சட்டத்தில் எழுதியது. 2025-இல் டென்மார்க் அரசு, போலிப் படங்களைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் தம் முகத்தின் மீதும் குரலின் மீதும் உரிமை தரும் திருத்தத்தைப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. போலியை உடனே நீக்கவைக்கப் பதிப்புரிமையின் கருவிகள் கைவசம் தயாராக இருக்கின்றன என்பது அதன் நியாயம். எல்டன் சாவியைத் தேடியதற்கும் இதே நியாயம்தான். ஆனால் சொத்தான குரலை வாரிசு விற்கலாம், கடன்காரர் கேட்கலாம், நிறுவனம் மொத்தமாக வாங்கி வைக்கலாம். பாடகர் உயிரோடிருந்தால், இந்த வரியைப் பாட மாட்டேன் என்று ஒலிவாங்கியின் முன்னிருந்து எழுந்து போயிருப்பார். வாங்கி வைத்த குரலுக்கு எழுந்து போகத் தெரியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவு, கலைஞர் பாடிய பாட்டைச் சிதைக்காமல் காக்கிறது. அவர் பாடாத பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.